விழும் இடத்துப் புல்

தபெர்னாஸ்
8 அக்டோபர் 1967

அன்புள்ள காஸ்பர் அண்ணா,

இந்தக் காகிதம் வந்து சேரும்போது நீ இருமல், சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், தம்பி லெசியோ நலம், நான் நலம், கழுதையும் நலம். மழைதான் இல்லை. அது இருந்திருந்தால் நீ ஏன் ஜெர்மனிக்குப் போயிருப்பாய்?

முதலில் நல்ல செய்தி. உன் தொழிற்சாலையிலிருந்து லெசியோவுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. தபால்காரர் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். மார்ச் மாதம் அல்மேரியாவில் ஜெர்மன் டாக்டர் உடம்பைப் பார்ப்பாராம். அவர் முத்திரை குத்தினால் ரயில்தான். அம்மா அந்தத் தாளை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். தம்பி அதை எடுப்பதும் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறான். "டேய், எப்பப் பாத்தாலும் மாதா முதுகுக்குப் பின்னாடி கைய விட்டுக்கிட்டே இருக்கியே, அவங்களுக்கே கூச்சமா இருக்கும்டா" என்றேன். அம்மா என் தலையில் குட்டினாள்.

இரண்டாவது செய்தி, இன்னொரு சினிமாக் கம்பெனி வந்திருக்கிறது. வறண்ட ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரத்திலும் சுண்ணாம்பிலும் ஒரு கோட்டை கட்டுகிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவின் எல்லையில் நடந்த கதையாம். குடியேறிகள், குதிரைப்படை, செவ்விந்தியர்கள். நம் வீட்டுக் கூரையைச் செப்பனிட ஊராட்சியில் இரண்டு வருடமாக ஆள் இல்லை. பொய்க் கோட்டைக்குக் கூரை பதினைந்து நாளில் ஏறிவிட்டது. லெசியோவைக் குதிரை ஓட்டியாக எடுத்திருக்கிறார்கள்.

"துக்க வீட்டுக்காரங்க சினிமாவுக்குப் போகலாமா?" என்று அம்மாவை வேண்டுமென்றே சீண்டினேன்.

"பாக்கப் போனாத்தான் பாவம். வேலைக்குப் போனா இல்ல" என்றாள்.

எவ்வளவு வசதியான சட்டம், பார். அப்பா போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ரேடியோ இன்னும் கறுப்புத் துணிக்குள்தான். எனக்கு இருபத்தொரு வயது, இன்னும் ஒன்றரை வருடம் காக்கை மாதிரி அலைய வேண்டும். மூன்று வருடத்தில் ஒரு நாளும் குறையாது என்கிறாள்.

குளிரில் வெறும் காலோடு நடக்காதே.

உன் தங்கை
ரெமே


ரெம்ஷைட்
29 அக்டோபர் 1967

அன்புத் தங்கை ரெமே,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலமாகவே இருக்கிறேன். ஒரே அறையில் நாலு பேரின் குறட்டைக்கு நடுவே ஒரு மனிதன் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். நீங்கள் மூவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லெசியோவிடம் சொல், போர்மேன் என் பக்கத்து இயந்திரத்தை அவனுக்காக வைத்திருக்கிறார். இடுக்கி வார்க்கும் வேலை. ஆனால் அந்த டாக்டரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சந்தையில் கோவேறு கழுதை வாங்குகிற மாதிரி பார்ப்பார்கள். வாயைத் திறக்கச் சொல்வார்கள், பல்லை எண்ணுவார்கள், நடக்கச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள். என் வரிசையில் ஒருவனுக்கு ஒரு விரல் வளையவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். அவனுக்கு அஞ்சு பிள்ளைகள்.

அதனால் அவன் குதிரை ஏற வேண்டாம். கோட்டைக்குச் சுண்ணாம்பு அடிக்கட்டும், தண்ணீர் சுமக்கட்டும். மார்ச் வரைக்கும் எலும்புகளைப் பொறுக்கி ஒரே பைக்குள் வைத்திருந்தால் போதும். அவன் அங்கே இருந்தால் அப்பாவை மாதிரி சுரங்கத் தூசியைத் தின்றுதான் சாவான். வேறு வழி என்ன இருக்கிறது அங்கே?

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்: துக்கம் நெஞ்சில் இருந்தால் போதும், பெண்ணின் பாவாடையில் வேண்டாம். அப்பா அந்த ரேடியோவில் கால்பந்து கேட்டபடிதான் செத்தார். அதற்குப் போர்வை போர்த்தி என்ன ஆகப்போகிறது? வெறும் மூடத்தனம்.

அன்புடன்
காஸ்பர்


தபெர்னாஸ்
19 நவம்பர் 1967

அன்புள்ள அண்ணா,

நாங்கள் எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்க மாதா அருளட்டும். துக்கத்தைப் பற்றி நீ சொன்னதை வரிக்கு வரி படித்துக் காட்டினேன். "அவன் அங்க பீர் குடிச்சிட்டுப் பேசறான்" என்றாள் அம்மா. அவ்வளவுதான் பதில்.

லெசியோ குதிரையை விட மாட்டேன் என்கிறான். சுண்ணாம்பு அடிக்கிறவனுக்கு அன்றாடக் கூலி. குதிரையிலிருந்து விழுகிறவனுக்கு அதைப் போல நாலு மடங்கு. காலையில் நீலச் சட்டை போட்டுச் சிப்பாயாகச் சாகிறான். மத்தியானம் மூஞ்சியில் செம்மண் பூசிக்கொண்டு செவ்விந்தியனாகச் சாகிறான். மற்ற செவ்விந்தியர்கள் அல்மேரியாக் குகைவீடுகளிலிருந்து வந்த நாடோடிகள். சிப்பாய்கள் நம் ராணுவத்திலிருந்து கடனாக வந்த பையன்கள், அவர்களுக்கு ரொட்டி மட்டும்தான். நேற்று ஒரு நாடோடிக் கிழவர் கொண்டை முடியை மாட்டிக்கொண்டு, "ஐந்நூறு வருஷமா எங்கள நாட்ட விட்டுத் துரத்துறாங்க. இப்பத்தான் மொத தடவையா அதுக்குக் கூலி குடுக்கிறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். நிர்வாகி தோன் ஹசிந்தோ மட்டும் சிரிக்கவில்லை.

பயப்படாதே. விழும் இடத்தை முன்னாலேயே தயார் செய்து வைக்கிறார்களாம். குதிரைக்காரர்களின் தலைவர் அந்தோலின் கெட்டிக்காரர். "மெத்தையில விழற மாதிரிதான்க்கா. நீ கட்டில்லேருந்து விழுவியே, அதவிட மெதுவா" என்கிறான் உன் தம்பி.

நானும் இப்போது சினிமாக்காரிதான். நேற்று டைரக்டர் மலைமேல் நின்று பார்த்துவிட்டு, "இது எல்லைப் பிரதேசமா, நிலாவா? புல் எங்கே?" என்று கத்தினாராம். அமெரிக்காவில் எங்கே பார்த்தாலும் புல்லாம். இருபது பெண்களைக் கூப்பிட்டு, குன்றிலிருந்து எஸ்பார்த்தோ புல்லைப் பிடுங்கி வந்து, அந்த மொட்டை வெளி முழுக்க நடச் சொன்னார்கள். காலம் காலமாகக் கயிறும் செருப்பும் பின்னி நம் கையைக் கிழித்த புல். அதைப் போய் அழகுக்கு நட்டோம். குனிந்த முதுகு நிமிரவில்லை. வெளியின் நடுவில் யாரோ ஒரே ஒரு குத்தை ஏற்கெனவே நட்டிருந்தார்கள், காய்ந்து, கோணலாக. எந்தச் சோம்பேறி வேலையோ. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வரிசை பார்த்துப் பச்சையாக நட்டேன். மாலை வெயிலில் காற்று வீசியபோது, சொன்னால் நம்ப மாட்டாய் அண்ணா, கடல் மாதிரி அசைந்தது. இந்த ஊரில் நான் பார்த்த முதல் பச்சை. நாளைக் காலை அங்கே குதிரைகள் ஓடும்.

அம்மாவுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. ஒரு சவ அடக்கக் காட்சி இருக்கிறது. "சொந்தக் கறுப்புடுப்போட வர்ற பொம்பளைங்கதான் வேணும்" என்றார் தோன் ஹசிந்தோ. உடை தைக்கிற செலவு மிச்சம். சவப்பெட்டிக்கு முன்னால் அழ வேண்டுமாம். அம்மா சொல்லிவிட்டாள்: "நிக்கிறேன். அழ மாட்டேன். உயிரோட இருக்கிற ஆளுக்கு ஒப்பாரி வச்சா, சாவுக்கு வீட்டு வழி காட்டின மாதிரி."

விளக்கில் எண்ணெய் தீர்கிறது.

உன் ரெமே


ரெம்ஷைட்
2 டிசம்பர் 1967

அன்புத் தங்கை ரெமே,

நான் நலம். பனி விழ ஆரம்பித்துவிட்டது. நீங்கள் நலமென்று படித்ததில் நிம்மதி.

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கிழவரின் பேச்சுக்கு எவரிஸ்தோ கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவன் நம் பக்கத்து ஊர் ஹெர்கலைச் சேர்ந்தவன்தான். லெசியோவிடம் சொல், ஒரு நாளைக்கு இரண்டு தடவை சாகிறவன் மூன்றாவது தடவைக்குப் பேராசைப்படக் கூடாது.

அவனுக்குக் கம்பளி மேலங்கி வாங்கிவிட்டேன். என் அளவுக்குப் போட்டுப் பார்த்து, தோளில் இரண்டு விரல் கூட்டி எடுத்தேன். கட்டிலுக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. காலையில் கண் விழித்ததும் அவன் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

அவனை இரண்டு வரி எழுதச் சொல்.

அண்ணன்
காஸ்பர்


தபெர்னாஸ்
17 டிசம்பர் 1967

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. அம்மா நலம். நான் நலம். கழுதை நலம்.

படப்பிடிப்பு முடிந்து கம்பெனி போய்விட்டது. அம்மா நன்றாக நடித்தாள் என்று டைரக்டரே வந்து கையில் முத்தம் கொடுத்தார். கோட்டையைப் பிரித்துப் பலகைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

லெசியோவுக்கு எழுத நேரமில்லை. பிறகு எழுதுவான். மேலங்கி அங்கேயே இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ரெமே


ரெம்ஷைட்
7 ஜனவரி 1968

ரெமே,

நான் நலம். அதைப் பற்றி இப்போது யாருக்குக் கவலை?

உன் கடிதத்தில் கழுதைகூட நலமாக இருக்கிறது. லெசியோ இல்லை. நீ வாயைத் திறந்தால் மூடாதவள். எட்டு வரியில் ஒரு படப்பிடிப்பையே முடித்துவிட்டாய். நேற்று எவரிஸ்தோவுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஷூவுக்கு மெருகு போட ஆரம்பித்தான். "என்னடா?" என்றேன். "உன் வீட்டுல எழுதுவாங்க" என்றான். சட்டையைப் பிடித்தேன். "குதிரை... முதுகு... அவ்வளவுதான் எனக்குத் தெரியும், விடுடா" என்றான்.

ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் நான் எந்தக் கதவைத் தட்டுவது? என் தம்பிக்கு என்ன ஆயிற்று? நீ எழுதாவிட்டால் அவனை எழுதச் சொல். இன்றைக்கே.

காஸ்பர்


தபெர்னாஸ்
25 ஜனவரி 1968

அன்புள்ள அண்ணனுக்கு லெசியோ எழுதுவது.

நீ நலமா? நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. குப்புறப் படுத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் திட்டாதே. அக்காவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. தபால்காரரிடம் நானே கொடுக்கிறேன்.

விழுவது எப்படி என்று சொல்கிறேன். விழும் இடத்தில் குழி வெட்டி, கல்லைப் பொறுக்கிவிட்டு, மணலும் வைக்கோலும் நிரப்பி, மேலே பழைய மண்ணையே தூவிவிடுவோம். கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. நமக்கும் தெரியாது. அதனால் அந்தோலின் குழியின் ஓரத்தில் ஒரே ஒரு காய்ந்த புல் குத்தை நட்டு வைப்பார். மொட்டை வெளியில் ஒற்றைப் புல், குருடனுக்கும் தெரியும். அதைப் பார்த்துக் குதிரையைக் கொண்டுபோய்ச் சாய்க்க வேண்டும்.

முந்தின இரவே எங்களைக் குதிரைகளோடு மலைக்கு அந்தப் பக்கம் தங்கவைத்துவிட்டார்கள். அன்று காலை அங்கிருந்து பாய்ந்து வந்தோம். ஏறி இறங்கினால் வெளி முழுக்கப் புல். ஆயிரம் புல். யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அந்தோலினை அதிகாலையிலேயே வேறு பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிட்டார்கள். நீ கேட்பாய், ஏன் குதிரையை நிறுத்தவில்லை என்று. கேமரா ஓடிக்கொண்டிருந்தது அண்ணா. நிறுத்துகிறவனை மறுநாள் கூப்பிட மாட்டார்கள். ஒரு புல்லைப் பார்த்தேன், இதுவா, அடுத்ததைப் பார்த்தேன், அதுவா. ஏதோ ஒன்றை நம்பி விழுந்தேன். அங்கே பாறை.

குதிரைக்கும் முட்டியில் அடி. அது பயிற்சி பெற்ற குதிரை, ரோமிலிருந்து வந்தது. அதற்கு அல்மேரியாவிலிருந்து டாக்டர் காரில் வந்தார். பக்கத்தில்தான் நான் கிடந்தேன். "டாக்டர், எனக்கும் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

"தம்பி, நான் குதிரை வைத்தியன்."

"பரவால்ல சார், நானும் ஓடினவன்தானே."

அவர் சிரிக்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டுக் குதிரையிடம் போனார்.

தோன் ஹசிந்தோ வந்து, "ஒன்ன யாருய்யா அந்த எடத்துல விழச் சொன்னது?" என்று கத்தினார். அம்மா கம்பெனிக் காரைக் கேட்டாள், ஆஸ்பத்திரிக்கு. "நாளைக்கு அடக்கக் காட்சி இருக்கு. வெளிச்சம் போறதுக்குள்ள முடிஞ்சா, கார் ஒங்களுக்குத்தான். நீங்க முன்வரிசைல நிக்கணும்" என்றார். ஒரு நாள் பூராவும் நான் வைக்கோலில் கிடந்தேன். அம்மா போய் நின்றாள். அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்து என் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது என்று சொன்ன அதே வாய். ஒரே தடவையில் காட்சி சரியாக அமைந்துவிட்டதாம்.

இனி முக்கியமானது. என்னைத் தூக்கும்போது ரெமே அக்கா அழவில்லை, ஓடி வரவும் இல்லை. அந்தோலின் திரும்பி வந்து, "என் புல்லப் புடுங்கினது எந்தக் கை?" என்று கத்தியபோது அவள் தன் கைகளைப் பாவாடைக்குள் மறைத்தாள். பிறகு அந்த வெளியில் தனியாக நின்று, குழி எங்கே இருக்கிறதென்று குதிகாலால் தரையைத் தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது அவளுக்குத் தெரியாது. இப்போது அவள் சாப்பிடுவதில்லை. என்னைக் குழந்தை மாதிரி துடைக்கிறாள், தூக்குகிறாள். நீ அவளை ஒரு வார்த்தை கேட்காதே. கேட்டால் செத்துவிடுவாள்.

மார்ச் மாதம் டாக்டரிடம் போகத்தான் போகிறேன். இப்போது கம்பு வைத்து நடக்கிறேன். மேலங்கியை விற்றுவிடாதே.

உன் தம்பி
இந்தலேசியோ


ரெம்ஷைட்
11 பிப்ரவரி 1968

என் அன்புத் தம்பி,

நீ எழுதியது கிடைத்தது. கழிவறையில் உட்கார்ந்து படித்தேன், இங்கே தனிமை அங்கே மட்டும்தான். உன் உடம்பு இன்று எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்டு என்ன செய்யப்போகிறேன்?

ரெமேயைக் கேட்க மாட்டேன். அந்தப் புல்லைப் பற்றி அவளே எனக்கு எழுதியிருந்தாள், தெரியாமல், சந்தோஷமாக. நானும் அதை அறை முழுக்கப் படித்துக் காட்டிச் சிரித்தேன். பாதாம் விளைச்சல் எப்படி என்று மட்டும் அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

தொழிற்சங்கம் என்று இங்கே ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு ஜெர்மன்காரரிடம் உன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உங்கள் நாட்டில் யாரிடம் புகார் கொடுப்பீர்கள்?" என்றார். காவல் படைச் சார்ஜெண்ட்தானே கம்பெனிக்கு வாடகைக் குதிரை விட்டவர்.

அதனால் உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அப்பாவின் இடுப்புத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொள். அன்று காலை மாத்திரை போடு. கம்பை வாசலிலேயே விட்டுவிடு. குனியச் சொல்வார்கள், இப்போதிருந்தே சிறிது சிறிதாகப் பழகு. போர்மேனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இயந்திரம் உனக்காக அப்படியே இருக்கிறது.

அண்ணன்
காஸ்பர்


தபெர்னாஸ்
24 மார்ச் 1968

அன்புள்ள அண்ணா,

உனக்குச் சுகம் வேண்டிக்கொள்கிறேன். அம்மாவும் நானும் இருக்கிறோம். பாதாம் பூ முழுக்கப் பனியில் கருகிவிட்டது.

வியாழக்கிழமை அல்மேரியா போய் வந்தோம். லெசியோ குதிரையிலிருந்து விழுந்தது உனக்கு எவரிஸ்தோ மூலம் தெரிந்திருக்கும். அந்த வெளியில் புதிதாக நிறையப் புல் நட்டிருந்தார்கள், அதில் அடையாளம் தவறிவிட்டது.

பெரிய கூடம். ஆண்கள் எல்லோரும் உள்ளாடையோடு வரிசையில். பெண்கள் வெளியே. கதவு திறந்தே இருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் சரி, நெஞ்சு சரி, கண் சரி. லெசியோ ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். பின்னால் நின்றவன், "என்னப்பா இடுப்புல, காளைச் சண்டைக்கா போற?" என்றான். டாக்டர் துணியை அவிழ்க்கச் சொல்லிச் சைகை செய்தார். அவிழ்த்தான்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "குனிஞ்சு தரையத் தொடு."

தொட்டான் அண்ணா. ஒரு மாதமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு பழகினானே, விரல் தரையில் பட்டது. எனக்கு மூச்சு வந்தது.

"சரி, நிமிரு."

நிமிர முடியவில்லை. அதைப் பழக யாருக்கும் தோன்றவில்லை. அப்படியே, தலை தொங்க, கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நின்றான். "எந்திரிப்பா" என்றார் மொழிபெயர்ப்பாளர். "எந்திரிக்கிறேன் சார், ஒரு நிமிசம் சார்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஜெர்மன் டாக்டர் கெட்டவர் இல்லை. அவரே எழுந்து வந்து, இரண்டு கையாலும் அணைத்து, மெல்ல மெல்ல நிமிர்த்தினார். முதுகைத் தடவிக் கொடுத்தார். நாற்காலி போடச் சொன்னார். பிறகு மேசைக்குப் போய் மற்ற முத்திரையைக் குத்தினார்.

பேருந்தில் வரும்போது, "அக்கா, பல்லு எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னார்ல?" என்றான்.

மாதா படத்துக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை. போர்மேனிடம் சொல்லிவிடு.

ரெமே


ரெம்ஷைட்
9 பிப்ரவரி 1969

அன்புத் தங்கை ரெமே,

நான் நலம். உங்கள் மூவரின் நலமும் அறிய ஆசை. நாம் இருவரும் ஒரு வருடமாகப் பண்டிகை வாழ்த்து மட்டும்தான் எழுதிக்கொள்கிறோம். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய நீலத் துணி கிடைத்ததா? அடுத்த மாதம் மூன்று வருடம் முடிகிறது. தைத்துப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு.

அந்தச் சினிமா இங்கே வந்தது. தலைப்பை மாற்றிவிட்டார்கள், 'சாவு' என்ற சொல் இருந்தால்தான் இங்கே ஓடுமாம். ஞாயிற்றுக்கிழமை நானும் எவரிஸ்தோவும் போனோம். அம்மா வருகிறாள். முன்வரிசையில், முகம் நன்றாகத் தெரிகிறது. அழகாக இருக்கிறாள் என்று சொல். கோட்டை உண்மைக் கோட்டை மாதிரியே இருக்கிறது.

லெசியோ விழும் காட்சி ஒரு நொடிதான். கேமரா தூரத்தில் இருக்கிறது. தூசியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவன் விழும் இடத்தில் புல்லே இல்லை. வெறும் மண்.

சாப்பிடு. நன்றாகச் சாப்பிடு.

அண்ணன்
காஸ்பர்


ரெம்ஷைட்
9 பிப்ரவரி 1969

லெசியோ,

உடம்பைப் பார்த்துக்கொள். இந்தத் தாளைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

சினிமாவைப் பார்த்தேன். ரெமேக்கு எழுதியிருப்பது பொய். கேமரா பக்கத்தில்தான் இருக்கிறது. புல் ஒவ்வொன்றும் தெரிகிறது, காற்றில் அசைகிறது. நீ பாய்ந்து வருகிறாய். தலையை இந்தப் பக்கம் திருப்புகிறாய், அந்தப் பக்கம் திருப்புகிறாய், தேடுகிறாய். பிறகு விழுகிறாய். அப்படியே வைத்துவிட்டார்கள். பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான், பிரமாதமாக நடிக்கிறான் என்று. எவரிஸ்தோ அவனை அடிக்க எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்த ஆளுக்கு என்ன தெரியும்?

அம்மாவின் வாய் உன் பெயரைச் சொல்கிறது. மூன்று தடவை. ஆனால் கேட்பது யாரோ ஒரு ஜெர்மன் பொம்பளையின் குரல், "ஜானி, ஜானி" என்று. அம்மாவின் அழுகைச் சத்தத்தைக்கூட எடுத்துவிட்டார்கள்.

இது கோடையில் அங்கேயும் வரும். நம் தெருவிலேயே திறந்தவெளித் திரையரங்கு. ரெமே நீலப் பாவாடை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போவாள், அந்தப் புல்லைப் பார்க்க. போகாமல் அவளால் இருக்க முடியாது. அவள் அதைப் பார்க்கக் கூடாது.

எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது, அதை எழுத என் கை கூசுகிறது. அம்மாவிடம் சொல். துக்கத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டச் சொல். காரணம் கேட்டால், நான் கெஞ்சினேன் என்று மட்டும் சொல்.

காஸ்பர்


தபெர்னாஸ்
20 ஜூலை 1969

அன்புள்ள அண்ணா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா சுகம். கழுதை இறந்துவிட்டது. லெசியோவுக்குச் சினிமாவில் மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. பிணமாகக் கிடக்கிற வேலை. "இதுக்கு இடுப்பு வேண்டாம்க்கா, பொறுமை இருந்தாப் போதும்" என்கிறான். வெயிலில் அசையாமல் கிடக்கிறான். மாலையில் போய் நான்தான் தூக்கி நிமிர்த்திக் கூட்டி வருகிறேன்.

மார்ச் மாதம் துக்கம் முடிய வேண்டியது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் அம்மா, "இன்னும் ஒரு வருசம்" என்றாள். "எதுக்கும்மா?" என்றேன். லெசியோ தட்டைப் பார்த்தான். அம்மா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். நான் சண்டை போடவில்லை. நீலத் துணியைத் தைக்காமல் பெட்டியில் வைத்துவிட்டேன். பூச்சி அரிக்காமல் இருக்கப் புகையிலை போட்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை அந்தப் படம் இங்கே வந்தது. ஊரே போனது. எங்கள் மூவருக்கும் துக்கம். ஆனால் சுவருக்குத் துக்கம் இல்லையே, சத்தம் எல்லாம் வீட்டுக்குள் வந்தது. துப்பாக்கி, எக்காளம், பிறகு குதிரைகள். குதிரைகள் நெருங்கி வந்தபோது லெசியோ கம்பை ஊன்றி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். அம்மா ரேடியோவின் மேலிருந்த கறுப்புத் துணியை எடுத்துவிட்டு, அதைச் சத்தமாக வைத்தாள். மூன்று வருடம் தொடாத ரேடியோ. அதில் ஏதோ சோப்பு விளம்பரம் ஓடியது. நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். படம் முடிந்ததும் அம்மா திரும்பத் துணியைப் போர்த்தினாள்.

அண்ணா, பிப்ரவரியில் நீ எழுதியதை மடித்து வைத்து மடித்து வைத்துப் படிக்கிறேன். விழுந்த இடத்தில் புல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நான் அதைக் கேட்கவே இல்லையே.

அந்த மேலங்கியை நீயே போட்டுக்கொள். அங்கே குளிர் அதிகம்.

உன்
ரெமே